பட்டியலில் இல்லாதவர்கள்: பெருந்தொற்றுக் களப்பணியில் கற்றவை

பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாட்டு அறையில் எந்த வேலையும் ஒரு பட்டியலிலிருந்துதான் தொடங்கும். தொற்று உறுதியானவர்கள், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள், வீட்டுத் தனிமையில் இருப்பவர்கள், ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருப்பவர்கள், பின்னர் தடுப்பூசிக்கு உரியவர்கள் என்று கொரோனா காலத்தில் என் மேசைக்கு வந்தவை எல்லாம் பெயர்களும் எண்களுமாகவே இருந்தன. முதலில் தொலைபேசி உதவிக் குழுவிலும், பிறகு தடுப்பூசிக் களக்குழுவிலும் ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினேன். நலவாழ்வில் சமத்துவம், மனித உரிமை போன்ற சொற்களை அதற்கு முன்பே பயிற்சி வகுப்புகளில் கேட்டிருந்தேன். அவற்றின் தலையெழுத்து ஒரு படிவத்தின் கட்டாயக் கட்டங்களில் முடிவாகிவிடுகிறது என்பதை அந்த மேசையில்தான் கண்டேன். அந்த அனுபவத்தில் இதே பணிக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்று நான் கருதுபவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குத் தரப்பட்ட படிவத்தில் பெயர், வயது, கதவு எண்ணோடு கூடிய முகவரி, கைபேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவை கட்டாயமாக இருந்தன. ஒன்றை விட்டாலும் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. கட்டுமானத் தளத்துத் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவருக்குக் கதவு எண் இல்லை. வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருந்த பெண்ணுக்குச் சொந்தக் கைபேசி இல்லை. தெருவோரம் உறங்கும் முதியவரிடம் அட்டை இல்லை. திருநங்கை ஒருவரின் அட்டையில் இருந்த பெயர் அவர் பயன்படுத்தும் பெயராக இல்லை. பதிவு செய்தவர்கள் இரக்கமற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை நடந்தாக வேண்டுமே என்று மேற்பார்வையாளரின் முகவரியையும் முதலாளியின் எண்ணையும் போட்டுக் கட்டங்களை நிரப்பினார்கள். அப்படிப் பதிவான ஓர் எண்ணுக்கு எங்கள் குழுவினர் அழைத்து, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, பரிசோதனை முடிவு பற்றிப் பேச வேண்டும் என்றபோது, "அவளா? நேற்றே அனுப்பிவிட்டோமே" என்று பதில் வந்தது. பரிசோதனைக் கூடத்தின் குறுஞ்செய்தி எங்களுக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்விட்டது. தொற்றோடும் வேலையிழப்போடும் அவர் எந்தத் திசையில் போனார் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. பெயரும், ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஏதேனும் ஓர் இடக்குறிப்பும் மட்டும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டு, "உங்களை எந்தப் பெயரில் அழைக்கட்டும்?", "இந்த எண் யாருடையது?", "முடிவை அவரிடம் சொல்லலாமா, உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டுமா?" என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்தோம். மென்பொருளை மாற்ற அனுமதி வரும்வரை இவற்றைக் காகிதத்திலேயே எழுதிவைத்தோம். கூடவே தலைகீழான ஒரு பட்டியலையும் தயாரித்தோம்; பரிசோதனைக்கு யாருமே வராத இடங்கள் எவை என்பதுதான் அது. தொற்று பதிவாகாத இடத்தை வரைபடம் தொற்றே இல்லாத இடமாகக் காட்டிவிடும். பச்சை நிறத்தில் இருந்த பகுதிகளில் எத்தனை பரிசோதனைகள் நடந்திருக்கின்றன என்று விசாரித்தபோது, சில இடங்களில் ஏறக்குறைய ஒன்றுகூட நடக்கவில்லை என்று தெரிந்தது. எந்தக் கூட்டத்தில் பாதிப்பு எண்ணிக்கையை வாசித்தாலும் பரிசோதனை எண்ணிக்கையைச் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பதை நான் இன்றும் விடாமல் வலியுறுத்துகிறேன்.

இந்த விடுபடல் உலகக் கணக்கிலும் உண்டு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொரோனாவால் நேரடியாகவோ மறைமுகமாகவோ நேர்ந்த மிகை இறப்புகள், அதாவது வழக்கமாக எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைக்கு மேற்பட்ட இறப்புகள், ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. அதே காலத்தில் கொரோனா இறப்பு என்று நாடுகள் அறிவித்தவை ஏறத்தாழ 54 லட்சம். மதிப்பீட்டு முறையை இந்தியா ஏற்க மறுத்தது, விவாதம் நடந்தது. முறை பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், இறப்புப் பதிவே முறையாக நடக்காத இடங்களில் இறந்தவர்கள் கணக்கில் வருவதில்லை என்பதையும், கணக்கில் வராதவர்களின் குடும்பங்கள் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் இல்லாமல் நிற்கின்றன என்பதையும் களத்தில் இருந்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

உரிமை பற்றிப் பேச்செடுத்தால், "இது அவசரகாலம், அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் உடனே வரும். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. அடையக்கூடிய மிக உயர்ந்த நலவாழ்வு நிலை ஒவ்வொரு மனிதருக்கும் உரிய அடிப்படை உரிமை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 1946-ஆம் ஆண்டு அமைப்புச் சட்டத்தின் முகவுரை கூறுகிறது. 1966-இல் ஏற்கப்பட்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, கொள்ளைநோய்களைத் தடுப்பதையும் அவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதையும் நலவாழ்வு உரிமையை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றாகவே வைக்கிறது. அதாவது, நோய்க் கட்டுப்பாடும் உரிமையும் ஒரே பிரிவுக்குள் இருக்கின்றன. இந்தப் பிரிவை விளக்கி ஐக்கிய நாடுகள் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 14-ஆவது பொதுக் கருத்துரை, ஒரு சேவை இருக்கிறதா, எல்லோருக்கும் எட்டுகிறதா, மக்கள் ஏற்கும் வகையில் இருக்கிறதா, தரமானதா என்ற நான்கு அளவுகோல்களைத் தந்தது. மேலதிகாரிகளிடம் பேச எனக்கு மிகவும் உதவியது இந்த நான்குதான். ஏனென்றால் இவை குற்றச்சாட்டாக ஒலிப்பதில்லை, சரிபார்ப்பாக ஒலிக்கின்றன.

எங்கள் பகுதியில் பரிசோதனை மையம் இருந்தது. எனவே முதல் கேள்விக்கு ஆம் என்று குறித்துவிடலாம். ஆனால் முடக்கக் காலத்தில் பேருந்து ஓடவில்லை. மையம் பகல் வேலை நேரத்தில் மட்டும் திறந்திருந்ததால், தினக்கூலிக்குப் போகிறவர் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. வாசலில் மூன்று படிகள் இருந்தன, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லை. அறிவிப்புப் பலகை ஆட்சிமொழியில் மட்டும் இருந்தது. வெளியூர்த் தொழிலாளர்களால் அதைப் படிக்க முடியவில்லை. காது கேளாதவர்களுக்குப் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடும் முறை பயன்படவில்லை. எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்ததால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது. வரிசை எண் எழுதிய அட்டை, மாலை நேரப் பணி, முன்புறம் கண்ணாடித் தாள் வைத்த முகக்கவசம், பின்வாசல் வழியாகத் தனி வரிசை என்று இவற்றுக்கான தீர்வுகள் எல்லாம் மலிவானவை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் செய்யக்கூடியவை.

எட்டுதல் என்பதில் அச்சமும் அடங்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆவணமற்ற புலம்பெயர்ந்தோர் மருத்துவமனைக்கு வராததற்குப் பல நேரங்களில் காரணம் தொலைவோ பணமோ அல்ல. வந்தால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயம்தான். போர்ச்சுகல் 2020 மார்ச் இறுதியில், குடியேற்றத் துறையிடம் விண்ணப்பம் நிலுவையில் இருந்த வெளிநாட்டினரைத் தற்காலிகமாக முறையாகத் தங்கியிருப்பவர்களாகவே நடத்துவது என்று முடிவெடுத்து, பொது மருத்துவச் சேவையை அவர்களுக்குத் திறந்துவிட்டது. புதிய மருத்துவமனை எதையும் கட்டாமல், ஓர் அரசாணையால் எட்டும் தூரத்தைக் குறைத்த நடவடிக்கை அது.

தனிமைப்படுத்தலுக்கு வருகிறேன், உரிமை மீறல் மிக எளிதாக நிகழும் இடம் இதுதான். ஒரு குடியிருப்பை அடைத்த நாளில் அங்கே நின்றிருந்தேன். நுழைவாயிலில் தடுப்பு வைத்து, அறிவிப்பு ஒட்டி, ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். அறிவிப்பில் தொடங்கும் தேதி இருந்தது, முடியும் தேதி இல்லை. உள்ளிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஐயா, எனக்கு நாளைக்குக் காலையில் டயாலிசிஸ் இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும்?" என்று காவலரிடம் கேட்டார். காவலருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டது நியாயம் என்று காவலரும் ஒத்துக்கொண்டார், ஆனால் வெளியே விட அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரின் எண் அவரிடம் இல்லை. அன்று மாலைவரை பல எண்களுக்கு மாற்றி மாற்றி அழைத்துத்தான் அனுமதி பெற முடிந்தது. இரண்டு நாள் டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெரியவர் எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருந்தார்.

இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு எல்லை வகுத்த ஆவணம் ஒன்று பெருந்தொற்றுக்கு வெகுமுன்பே இருந்தது. சட்ட அறிஞர்கள் 1984-இல் இத்தாலியின் சிராக்குசா நகரில் கூடி வகுத்த நெறிகளின்படி, உரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைக்குச் சட்ட அடிப்படை வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அது உண்மையிலேயே தேவையாக இருக்க வேண்டும், இருக்கும் வழிகளில் குறைந்த தடை உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாகுபாடு கூடாது, எதிர்த்து முறையிட வழி இருக்க வேண்டும். இதை அப்படியே கள ஊழியரிடம் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எனவே எந்த உத்தரவின்படி அடைக்கிறோம், இதைவிடச் சிறிய பரப்பை அடைத்தால் போதாதா, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம், யார் யாருக்கு விலக்கு, புகார் சொல்ல எந்த எண் என்று ஒரு பக்கக் கேள்விகளாக மாற்றி, அடைப்பதற்கு முன் நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய தாளாக வைத்தோம். பெரும்பாலும் தேதிக் கட்டம்தான் வேலை செய்தது. முடிவுத் தேதியை எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும், அதிகாரி ஒருவர் தானாகவே "முழுத் தெருவும் வேண்டாம், அந்த ஒரு கட்டடம் போதும்" என்று மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

விலக்குப் பட்டியலை அடைத்த பிறகு தயாரிக்கக் கூடாது. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, நிறைமாதக் கர்ப்பம், இன்சுலின், காசநோய் மாத்திரை, எச்.ஐ.வி. கூட்டு மருந்து, மனநல மருந்து, வேறொரு வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளியையோ படுக்கையில் இருப்பவரையோ கவனிக்கும் பொறுப்பு ஆகியவை எல்லா இடத்திலும் இருக்கும்; முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

கட்டாயத்தின் மூலமாக மட்டும் நோயை அடக்க முயன்றால் என்ன நேரும் என்பதற்கு லைபீரியா ஒரு சாட்சி. 2014 ஆகஸ்டில் எபோலா பரவியபோது தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் என்ற நெரிசலான குடிசைப் பகுதி முழுவதையும் பாதுகாப்புப் படையினர் சுற்றி வளைத்தார்கள். மோதல் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த சிறுவன் ஒருவன் இறந்தான், ஏறத்தாழ பத்து நாட்களில் அடைப்பு விலக்கப்பட்டது. உள்ளூர்த் தலைவர்களையும் இளைஞர்களையும் வைத்து வீடு வீடாகச் சென்று பேசுவதும், நோயாளிகளைத் தேடுவதும், அடக்கத்தைக் கண்ணியமாக நடத்துவதும்தான் பின்னர் அங்கே பலன் தந்தன. எனக்கு இதில் வியப்பில்லை. கூலியும் உணவுப் பொருளும் மருந்தும் கிடைக்கும் என்ற உறுதி உள்ளவர் வீட்டுக்குள் இருப்பார். அது இல்லாதவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். நோயை மறைப்பவரைக் கண்டிப்பதற்கு முன், மறைக்காமல் இருந்தால் அவருக்கு என்ன நேரும் என்று கேட்க வேண்டும்.

ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் "தனி அறையில் இருங்கள், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்" என்று தொலைபேசியில் படித்துக் காட்டுவது எவ்வளவு அபத்தம் என்பதை எங்கள் குழுவில் இருந்த இளைஞர்கள் மிக விரைவிலேயே உணர்ந்தார்கள். சிங்கப்பூரில் புலம்பெயர்ந்த தொழிலாளர் விடுதிகளில் நேர்ந்தது இதன் பேருருவம். விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசின் பரிசோதனை முடிவுகளே காட்டின. விடுதிக்கு வெளியே பரவல் மிகக் குறைவாக இருந்தது. கிருமி ஆள் பார்த்துத் தாக்கவில்லை. எத்தனை பேரை ஓர் அறையில் படுக்க வைக்கலாம் என்று முன்பே எடுக்கப்பட்ட முடிவுகள் ஆள் பார்த்து எடுக்கப்பட்டவை. வீட்டுத் தனிமையை அறிவிக்கும் முன், வீட்டில் இடமில்லாதவர்கள் விரும்பினால் தங்குவதற்கான இடத்தைத் தயாராக வைப்பதும், அந்த இடத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, பெண்களுக்குத் தனிப் பகுதி, குழந்தையைத் தாயோடு வைத்துக்கொள்ள அனுமதி ஆகியவை இருப்பதும் அடிப்படை.

வீட்டுத் தனிமையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தினசரி நலம் விசாரிக்கும் அழைப்பில் ஒரு பெண்ணின் குரல் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனதைக் கவனித்த எங்கள் தன்னார்வலர் ஒருவர், "இப்போது தனியாகப் பேச முடியுமா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். "இல்லை" என்றார். "வீட்டில் யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்களா?" என்று கேட்டபோது "ஆமாம், காய்ச்சல் குறைந்துவிட்டது" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எல்லா அழைப்பிலும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய இந்தக் கேள்விகளைச் சேர்த்தோம். அடுத்து யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் எழுதிவைத்தோம். பதில் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் கேட்கவே கூடாத கேள்வி அது.

தொற்றாளர்களின் விவரங்களை எப்படிக் கையாள்வது என்பதில் கண்டிப்பு வேண்டும். வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பும், வாட்ஸ்அப் குழுக்களில் கசிந்த பெயர்ப் பட்டியலும் பரிசோதனைக்கு வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்ததை நேரிலேயே கண்டேன். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் தொற்றாளர் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று கூறியது. தென் கொரியாவின் சியோல் நகரம் 2020 மே மாதத்தில் எடுத்த வழி இன்னும் பாடமானது. இரவு விடுதிகளில் தொற்றுத் தொடர் வெடித்து, பாலினச் சிறுபான்மையினர் மீது பழிச்சொல் பரவியபோது, தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துப் பெயரில்லாமல் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. பரிசோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. இதற்கு எதிர்த்திசையில், தொற்றாளரோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியும் கைபேசிச் செயலியின் தரவு நோய்த்தடுப்புக்கு மட்டுமே என்று சொல்லியிருந்த சிங்கப்பூர் அரசு, குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் தெரிவிக்க நேர்ந்தது. எதிர்ப்புக்குப் பிறகு கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தால் வரையறுத்தது. எதற்காக வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் விவரம் கேட்கும் அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் பட்டியலைத் தனிப்பட்ட கைபேசியில் படமெடுக்கத் தடை வைத்திருந்தோம். அதை நடைமுறைப்படுத்துவது எளிதாக இல்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் வீண்.

பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாகுபாடு மனிதர்களிடம் மட்டும் இருக்கும் என்று நம்புபவர்கள் பலர். விரல் நுனியில் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் அந்தக் கருவி, கருமையான தோலில் உண்மையைவிட அதிக அளவைக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில், கருவி இயல்பாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடப்பட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை வெளியிட்டது. ஆக்சிஜன் அளவு 94 சதவீதம் என்ற ஓர் எண்ணை வைத்துப் படுக்கை கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானித்த காலம் அது. எண்ணை மட்டும் நம்பாமல், மூச்சு வாங்குகிறதா, ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா, நடந்தால் அளவு இறங்குகிறதா, நேற்றைவிட இன்று எப்படி என்று கேட்டு முடிவெடுக்கும்படி எங்கள் குழுவின் மருத்துவர் மாற்றியமைத்தார்.

படுக்கையும் வென்டிலேட்டரும் போதாதபோது யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியையும் முன்பே எழுத்தில் தீர்க்க வேண்டும். நள்ளிரவில் களைத்துப்போன ஒரு மருத்துவரின் தலையில் அதைக் கட்டுவது அவருக்கும் அநீதி. எழுதும்போது மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதி அந்த அறையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2020 மார்ச்சில் வந்த தீவிர சிகிச்சை வழிகாட்டுதலில், முதியோருக்கான உடல்தளர்ச்சி அளவுகோலைக் கற்றல் குறைபாடு போன்ற நிலையான குறைபாடு உள்ள இளையோருக்கும் பயன்படுத்தும் ஆபத்து இருந்தது. எதிர்ப்பு எழுந்த பின் சில நாட்களிலேயே அது திருத்தப்பட்டது. அன்றாட வேலைக்கு மற்றவர் உதவி தேவைப்படுவதால் ஒருவரின் பிழைக்கும் வாய்ப்புக் குறைந்துவிடுவதில்லை.

தடுப்பூசி வந்தபோது சமத்துவமின்மை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2021 ஜனவரி 18 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரியேசஸ், குறைந்தது 49 உயர்வருவாய் நாடுகளில் 3 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட தவணைகள் போடப்பட்டிருக்கும்போது, மிகக் குறைந்த வருவாயுள்ள ஒரு நாட்டில் வெறும் 25 தவணைகளே போடப்பட்டிருப்பதாகச் சொன்னார். கோவாக்ஸ் என்ற பகிர்வுத் திட்டம் 2023 இறுதியில் முடிவதற்குள் 146 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் 200 கோடியை நெருங்கும் தவணைகளை அனுப்பியது உண்மைதான்; ஆனால் அதிகம் தேவைப்பட்ட முதல் மாதங்களில் அதன் கையில் போதிய மருந்து இல்லை. காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் வைத்த கோரிக்கைக்கு 2022 ஜூனில்தான் முடிவு வந்தது. அந்த முடிவும் தடுப்பூசியோடு நின்றது. மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் வெளியே விடப்பட்டன. களத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று தோன்றலாம். ஆனால் நான்கு நாட்களாக மருந்து வராத மையத்தின் வாசலில், அதிகாலையிலிருந்து நிற்பவரிடம் "இன்றும் இல்லை அம்மா" என்று சொல்ல வேண்டியிருப்பது அந்தத் தாமதங்களின் கடைசிக் கண்ணியில் நிற்பவர்தான்.

உள்ளூரில் எங்கள் சிக்கல் பதிவுமுறை. இணையவழி முன்பதிவும் ஓடிபியும் கட்டாயமாக இருந்த நாட்களில், திறன்பேசியும் வேகமான இணையமும் உள்ளவர்கள் தொலைவிலிருந்து வந்து எங்கள் மையத்தின் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். மையத்துக்கு எதிரிலேயே குடியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நேரில் வருவோருக்கு ஒரு பங்கை ஒதுக்கியதும், வேலை முடியும் நேரத்தில் வேலை செய்யும் இடத்துக்கே குழுவை அனுப்பியதும், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குச் சென்றதும் நிலைமையை மாற்றின. வீட்டுக்குச் செல்லும் குழுவின் ஒரு நாள் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைக்கும் நிர்வாகம் அந்தக் குழுவை முதலில் கலைக்கும். எனவே மொத்தத் தவணைகளோடு, படுக்கையில் இருப்பவர்கள், அட்டை இல்லாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறையிலும் காப்பகத்திலும் இருப்பவர்கள் ஆகியோரில் எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பதையும் தனி இலக்காக எழுதிக்கொள்ளுங்கள். சிறைவாசிகளுக்கு வெளியே கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் சொல்கின்றன.

தடுப்பூசி வேண்டாம் என்றவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறுத்தவர்களோடு உட்கார்ந்து பேசியபோது, காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் கூலி போகுமே என்ற கணக்கும், முன்பொரு முறை மருத்துவமனையில் அவமதிக்கப்பட்ட நினைவும்தான் அதிகம் வெளிவந்தன. மறுநாள் விடுப்புக்கு ஒப்பந்ததாரரிடம் பேசி உறுதி வாங்கியது எந்த விளம்பரத்தையும்விட வேலை செய்தது. ரேஷனையும் ஓய்வூதியத்தையும் நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் எண்ணிக்கையை ஒரு வாரம் உயர்த்தும். அதன்பின் அந்தத் தெருவில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிக்குக்கூடக் கதவு திறக்காது.

இறந்தவர்களின் கண்ணியமும் இதில் அடங்கும். இலங்கையில், அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தும், 2020 வசந்தத்திலிருந்து கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம்களின் குடும்பங்கள் தங்கள் சமய நெறிக்கு மாறான அந்த முடிவை ஏற்றாக வேண்டியதாயிற்று. 2021 பிப்ரவரி இறுதியில் ஆணை விலக்கப்பட்ட பிறகும், தொடக்கத்தில் கிழக்கே ஓட்டமாவடியில் ஒரே இடத்தில்தான் அடக்கம் செய்ய முடிந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. நோயியல் காரணம் இல்லாத ஒரு கட்டுப்பாடு, காய்ச்சல் வந்தவரை மருத்துவமனைப் பக்கமே போகாதபடி செய்யும் என்பது எந்தக் களப்பணியாளருக்கும் எளிதில் புரியும்.

விதிகள் முன்னேறியிருக்கின்றன. பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின் 3-ஆம் பிரிவு மனித மாண்பையும் உரிமைகளையும் முழுமையாக மதித்தே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2005-லேயே சொன்னது. 2024 ஜூனில் ஏற்கப்பட்ட திருத்தம் சமத்துவத்தையும் ஒருமைப்பாட்டையும் அதில் சேர்த்தது. 2025 மே 20 அன்று உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம், கிருமி மாதிரிகளைப் பகிர்வதற்கு ஈடாக, பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தைக் கிடைக்கச் செய்வதையும், அதில் பாதியையாவது நன்கொடையாகத் தருவதையும் இலக்காக வைக்கிறது. இந்தப் பகிர்வு முறையை விளக்கும் பின்னிணைப்பு ஏற்கப்பட்ட பின்னரே ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்படும். நடைமுறைக்கு வர 60 நாடுகளின் ஒப்புதல் வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளே உள்ளூர்க் குழுக்களுக்கு அதிகம்.

அவற்றில் முதன்மையானதாக நான் கருதுவது பணியாளர்களைப் பற்றியது. முன்களப் பணியாளர் என்ற பட்டியலில் மருத்துவரும் செவிலியரும் தவறாமல் இருந்தார்கள். பிணவறை உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மருத்துவக் கழிவைத் தூக்கியவர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஆகியோர் பல இடங்களில் பிறகே சேர்க்கப்பட்டார்கள். பாதுகாப்பு உடை மருத்துவருக்கு ஒரு தரத்திலும் தூய்மைப் பணியாளருக்கு இன்னொரு தரத்திலும் வந்ததைப் பெட்டியைப் பிரித்த கையாலேயே பார்த்தேன்; ஒருவருக்கு முழு உடை, மற்றவருக்கு மெல்லிய கையுறையும் துணி முகக்கவசமும். தொற்று வந்து பதினான்கு நாள் வீட்டில் இருந்த ஒப்பந்தப் பணியாளருக்குக் கூலி பிடிக்கப்பட்டது. அடுத்த பெருந்தொற்றுக்கான பயிற்சியும் ஒத்திகையும் நடத்துபவர்கள், இப்போது கையெழுத்தாகும் ஒப்பந்தங்களிலேயே தொற்றுக்கால ஊதிய விடுப்பு, காப்பீடு, ஒரே தரப் பாதுகாப்பு உடை, முதல் நாளிலிருந்து தடுப்பூசி முன்னுரிமை ஆகிய நான்கையும் நிபந்தனைகளாக எழுதச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதம் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய மாதத்திலேயே அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.